கேம்பர் கூரை ஒழுகுகிறது, மேலே சிலிகான் பூசினால் போதுமா?

போதாது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பால்மர நிழலில் நிறுத்தியிருக்கும் எங்கள் ஃபிஃப்த் வீல் கேம்பருக்கு (பிக்கப் வண்டியின் பின்தட்டில் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி) நானும் அப்படித்தான் பூசினேன். இரண்டு மழையிலேயே கட்டிலுக்கு மேலிருந்த பலகை ஊறி, விரல் வைத்தால் உள்ளே போனது.

ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் போர்த்திய கூரையில் சிலிகான் சரியாக ஒட்டாது. அதன் மிச்சத்தின் மேல் வேறெதுவும் பிடிக்காது. பழையதைப் பிளாஸ்டிக் சுரண்டியால் முழுக்க எடுங்கள். கூரையிலுள்ள காற்றுப்போக்கி மூடியைக் கழற்றி, விளிம்புக்கு அடியில் புதிய பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) வைத்துத் திருகுங்கள். அப்புறம், ரப்பர் கூரைக்கென்றே விற்கும், தானாகப் பரவும் சீலன்ட்டை (கசிவை அடைக்கும் பசை) திருகுத் தலைகள் மூடும்வரை ஊற்றுங்கள். மண்ணெண்ணெயால் துடைக்கவே கூடாது, ரப்பர் உப்பிவிடும்.

ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நம்பாதீர்கள்; தண்ணீர் கூரைச் சட்டத்தோடு ஓடி வேறிடத்தில் சொட்டும். சாயங்கால இடிமழைக்கு முன் காய வேண்டும், காலையிலேயே தொடங்கிவிடுங்கள்.