டோரிஸ் டிராய் எல்பி: 'பீட்டில்ஸ் வாசித்தது' என்றால் எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: அமெரிக்கப் பாடகி டோரிஸ் டிராய் 1970இல் ஆப்பிள் ரெகார்ட் கம்பெனிக்காகப் பாடிய ஆல்பத்தின் எல்பி (பெரிய இசைத்தட்டு) ஒன்று இணையத்தில் விற்பனைக்கு வந்திருக்கிறது. பிரிட்டிஷ் இசைக்குழுவான பீட்டில்ஸ் வாசித்தது என்று சொல்லி ஏகத்துக்கும் விலை கேட்கிறார்கள். சிடி அதைவிட மலிவு. எதை வாங்கலாம்?

பதில்: கேட்பதற்குத்தான் என்றால் சிடி போதும். எல்பி மேல் ஆசை இருந்தால் வாங்குங்கள், ஆனால் பேரம் பேசி.

விற்பவர் முழுப் பொய் சொல்லவில்லை. ஆப்பிள் பீட்டில்ஸ்காரர்களின் சொந்தக் கம்பெனி. டோரிஸை அங்கே சேர்த்தவரே பீட்டில்ஸில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன். அவரும் இன்னொரு பீட்டில்ஸ்காரரான ரிங்கோ ஸ்டாரும் இந்த ஆல்பத்தில் வாசித்திருக்கிறார்கள். பில்லி பிரெஸ்டன், ஸ்டீபன் ஸ்டில்ஸ் போன்ற வேறு பிரபல இசைக்கலைஞர்களும் உண்டு. ஆனால் இருவர் வாசித்தால் அது பீட்டில்ஸ் ஆகிவிடுமா? இங்கே அவர்கள் பக்கவாத்தியம்தான்.

டோரிஸ் கோரஸ் பாடகி, அதாவது முக்கியப் பாடகருக்குப் பின்னால் சேர்ந்து பாடுகிறவர். (பின்னணிப் பாடகி என்றால் நம் சினிமா ஞாபகம் வந்துவிடும்.) 1963இல் சொந்தமாக ஒரு ஹிட் கொடுத்தவர்தான், ஆனாலும் பிங்க் ஃப்ளாய்ட் என்ற ராக் குழுவின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பக் கோரஸில் பலர் அவரைப் பெயர் தெரியாமலே கேட்டிருப்பார்கள். இந்த ஆல்பத்தில் அவர் முன்னால் நிற்க, நட்சத்திரங்கள் பின்னால். தயாரிப்பும் அவரே. 13 பாட்டும் முடியும்போது, பாதிரியார் வீட்டில் வளர்ந்த அந்தக் குரல்தான் காதில் நிற்கும், கிட்டார் இல்லை. வெளிவந்தபோது விற்பனை சுமார்தான்.

1992, 2010 சிடிகளில் கூடுதல் பாட்டுகள் உண்டு. பீட்டில்ஸின் 'கெட் பேக்'கை டோரிஸ் பாடியது அதில் ஒன்று; பழைய எல்பியில் அது கிடையாது.

சரி, எல்பிதான் என்றால் படங்கள் கேளுங்கள். ரெகார்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளில் ஒரு பக்கம் முழு ஆப்பிள், மறுபக்கம் வெட்டிய ஆப்பிள் இருக்கும். பிரிட்டிஷ் பதிப்பின் எண் சாப்கோர் 13. தட்டைச் சாய்த்துப் பிடித்து, வெளிச்சம் வழுக்கி விழுகிற மாதிரி ஒரு படம் வேண்டும். நேராக எடுத்த படத்தில் கீறல் தெரியாது. 'புதுசு மாதிரி' என்ற பேச்சை நம்பி நான் ஒருமுறை வாங்கிய ரெகார்ட், மெதுவான பாட்டு வந்ததும் கடலை பொரிகிற மாதிரி பொரிந்தது.

திருப்பி அனுப்ப நேர்ந்தால் தபால் செலவு யார் தலையில் என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.