மேசன் பாஸின் வேலை சரியில்லை, மிச்சக் காசு கேட்கிறார்: கொடுப்பதா, வேண்டாமா?

பாத்ரூமைப் புதுப்பித்த பிறகு தண்ணீர் மூலையில் தேங்குகிறது, டைல்ஸை மிதித்தால் சத்தம் வருகிறது, பாஸ் மிச்சக் காசுக்கு வாசலில் நிற்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போது கொடுக்காதீர்கள். ஆனால் தர மாட்டேன் என்றும் வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். "தண்ணி கட்டிப் பார்த்துட்டுத் தாறேன்" என்று சொல்லுங்கள், போதும்.

எங்கள் வீடு ஹட்டனுக்குப் பக்கத்தில், சரிவில் கட்டியது. பாத்ரூமுக்கு நேர் கீழே குசினி. கொந்தராத்து 85,000 ரூபா, அதில் 60,000 கொடுத்தாயிற்று. வேலை முடிந்த அன்று கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. முதல் குளியலிலேயே தண்ணீர், அது வடியும் ஓட்டைப் பக்கம் போகாமல் கதவைத் தேடி வந்தது. மகனின் கோலிக்குண்டைத் தரையில் வைத்தேன், அதுவும் கதவுக்கே உருண்டது.

"ஈரம் காஞ்சா எல்லாம் சரியாயிடும் டீச்சர்" என்றார் பாஸ். ஜூன் மாத மழையில் ஹட்டனில் துவைத்த சட்டையே மூன்று நாளைக்குக் காயாது. காய்ந்தாலும் தரைச் சாய்வு எப்படி மாறும்?

80க்கு 1 என்ற அளவிலாவது சாய்வு வேண்டும். அதாவது 5 அடி தூரத்துக்கு முக்கால் அங்குல இறக்கம். ரசமட்டம் வைத்தால் தெரிந்துவிடும். அடுத்து, ஒரு பத்து ரூபாக் குற்றியால் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பாருங்கள். கீழே சீமெந்து நிறைந்திருந்தால் கெட்டிச் சத்தம், வெற்றிடம் இருந்தால் டொக்கென்று கேட்கும். எங்கள் 35 டைல்ஸில் 14 டொக். கடைசியாகத் தண்ணீர் கட்டுவது. பொலித்தீனில் சுற்றிய துணியால் ஓட்டையை அடைத்து, இரண்டு அங்குலம் நீர் விட்டு, சுவரில் பென்சில் கோடு போட்டு, 24 மணிநேரம் விடுங்கள். மறுநாள் எங்கள் குசினிக் கூரையில் ஒரு தட்டளவு ஈரம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். டொக் சத்தத்தில் பாதிப் பாவம் என்னுடையது. நான் வாங்கியது போர்சலின். அது அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது, அதனால் வெறும் சீமெந்துப் பால் அதைச் சரியாகப் பிடிக்காது. டைல் ஒட்டும் பசைச் சீமெந்து வேண்டுமென்று பாஸ் கேட்டார், மூட்டை விலையைப் பார்த்து நான்தான் தட்டிக் கழித்தேன். சாய்வும் கசிவும் முழுக்க அவர் பிழை. பேசப் போகுமுன் இப்படிப் பிரித்து வைத்துக்கொண்டது பெரிய உதவி.

மாமியார் "பிள்ளைக்குட்டிக்காரன், பாவம், காசைக் கொடுத்து அனுப்பு" என்றார். நான் பாஸைத் தனியாக வரச் சொன்னேன், கையாள் முன்னால் பிழை சொன்னால் எந்தப் பாஸும் இறங்கி வர மாட்டார். தேத்தண்ணி கொடுத்து, "அண்ணே, இந்தக் கூரையைக் கொஞ்சம் பாருங்க" என்றேன். அவர் அண்ணாந்து பார்த்தார். கதிரை மேல் ஏறித் தொட்டும் பார்த்தார். பிறகு காய்வதைப் பற்றிப் பேசவே இல்லை.

சாமான் என் செலவு, கூலி இல்லாமல் தரை அவர் வேலை என்று முடிவானது. பழைய தரையை உடைத்து, நீர்காப்புப் பூச்சை இரண்டு தரம், சுவரிலும் ஒரு அடி உயரத்துக்கு ஏற்றிப் பூசி, டைல் பதிக்கும் முன்பே தண்ணீர் கட்டிப் பார்த்தோம். மிச்சம் 25,000இல் தரை முடிந்ததும் 10,000, டைல் பதித்து இன்னொரு 24 மணிநேரத் தண்ணீருக்குப் பிறகு 15,000. இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, "சரி டீச்சர்" என்று பதிலும் வாங்கிக்கொண்டேன்.

பாஸ் போனையே எடுக்காவிட்டால், பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தது. அங்கே உங்களுக்காக வாதாட சட்டத்தரணி தேவையில்லை. படங்களையும் அந்த மெசேஜ்களையும் எடுத்துப் போங்கள். எங்களுக்கு அதுவரை போகவில்லை.

குசினிக் கூரை இப்போது காய்ந்துவிட்டது. கதவோரம் மட்டும் இன்னும் ஒரு கையளவு தண்ணீர் நிற்கிறது. குளித்துவிட்டுத் துடைப்பத்தால் தள்ளிவிடுகிறோம். அதற்காக மறுபடி உடைக்கச் சொல்ல எனக்கும் தெம்பில்லை, அவருக்கும் இருக்காது.