உமரிக்கீரையைச் சாப்பிடலாமா? அது உப்பு மண்ணில் முளைக்கிற களைதானே?

தாராளமாகச் சாப்பிடலாம். களை என்று கேட்டதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கடற்கரைக்குச் சுற்றிப்பார்க்கப் போன இடத்தில் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

எனக்கு வேதாரண்யம் பக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்ணின் உப்பு கொஞ்சம் இறங்கியதும் உமரி தளதளவென்று தளிர்க்கும், அப்போது நுனியை மட்டும் கிள்ள வேண்டும். வெயில் ஏற ஏறச் செடி சிவந்து, தண்டு நாராகிவிடும். ஏறுகிற உப்பையெல்லாம் தடித்த இலைக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளும் செடி அது. அதனால் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைப்போம், உப்புப் போடவே மாட்டோம்.

கல்யாணமான புதிதில் அம்மா ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பினார். தஞ்சாவூர்க்கார மாமியார் பார்த்துவிட்டு, "இது ஆடு மேயுற செடியாச்சே, உங்க ஊர்ல வேற கீரையே கெடைக்காதா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அவித்துப் பிழிந்து, பாசிப்பருப்பு, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், கடைசியில் தேங்காய்ப்பூ தூவி இறக்கினேன். மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டு "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார், ஒரு கல் உப்புகூட நான் போடவில்லை! மாமனார் பேசாமல் இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டார். இப்போது அதே வீட்டிலிருந்து, இங்கிலாந்தில் உமரிக்குச் சொந்தக்காரச் செடி ஒன்றை வெண்ணெயில் வதக்கி மீனோடு வைக்கிற வீடியோ எனக்கு வருகிறது, "பார்த்தியா, எவ்வளவு சத்தாம்" என்று.

உடனே "ரத்தக்கொதிப்பு வராதா" என்று யாராவது கீழே வருவீர்கள். நான் வைத்தியர் இல்லை. கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம், வடித்தாலும் உப்பு முழுக்கப் போகாது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கீரை கிள்ளிய இடத்துக்குப் பத்திரத்தில் தரிசு என்று பேர். தரிசுதானே என்று இறால் குட்டை வெட்டினார்கள். 1996-இலேயே உச்ச நீதிமன்றம் உப்பள நிலத்தையும் சதுப்பையும் இறால் குட்டை ஆக்கக்கூடாது என்று சொல்லிவிட்டது, வழக்குப் போட்டவரே எங்கள் பக்கத்துக் காந்தியவாதி ஜெகந்நாதன் ஐயாதான். அப்புறம் 2005-இல் பண்ணைகளை முறைப்படுத்துகிறோம் என்று சட்டம் வந்தது. கம்பி வேலி அப்படியேதான் நிற்கிறது, ஓரமாகப் போனால் பண்ணைக்காரன் நாயை அவிழ்த்துவிடுகிறான்.

சரி, நீங்கள் பறிக்கப் போனால் அந்தக் குட்டைத் தண்ணீரைத் திறந்துவிடுகிற வாய்க்கால் கரையில் மட்டும் பறிக்காதீர்கள்.