சபா கட்டட நிதி: வெளிநாட்டுப் பணத்தை யார் கணக்கில் வாங்குவது?

கேள்வி: கும்பகோணம் அருகே உள்ள எங்கள் இசை சபா பதிவு பெற்ற சங்கம். மழைக்காற்றில் அரங்கின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை பாதி போய்விட்டது, மேடைப் பலகையும் ஊறி உப்பிவிட்டது. உள்ளூர்க்காரர்களும், சிங்கப்பூர், அமெரிக்காவில் இருக்கும் பழைய ரசிகர்களும் உதவத் தயார். "எங்கள் டிரஸ்டுக்கு வெளிநாட்டு நிதி அனுமதி உண்டு. 10% பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறோம்" என்கிறார் ஒருவர். சம்மதிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நன்கொடை பெற்ற அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவே முடியாது. அந்த 10% ஆசாமி விற்பது இல்லாத சரக்கு. சிக்கல் வந்தால் அவரைத் தேடிப் பிடிக்க முடியாது. விசாரணைக்குப் போய் நிற்பது உங்கள் செயலாளரும் பொருளாளரும்தான். "செயலாளரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பிவிடுகிறோம்", "ஊரில் இருக்கும் மாமா கையில் கொடுத்து மாமா பெயரில் ரசீது போடுங்கள்" என்பதெல்லாமும் இதே குழிதான். எத்தனை கை மாறினாலும் சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டுப் பணம்.

நீங்களே பதிவு பெறலாம் என்றால், 3 ஆண்டு செயல்பாடும், அந்தக் காலத்தில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவுக் கணக்கும் வேண்டும். கணக்கையும் டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளையில்தான் தொடங்க வேண்டும். ஒழுகும் கூரைக்காக ஒரு சிற்றூர் சபாவை டெல்லிவரை இழுக்கிற இந்த ஏற்பாட்டில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் ஒரு வழி திறந்தே இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. பார்க்க வேண்டியது பாஸ்போர்ட்டை, ஊரை அல்ல. சிங்கப்பூரில் 20 ஆண்டுகளாக இருந்தாலும் இந்தியக் குடியுரிமையை விடாதவர், தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. மாறாக, அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர், இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் வெளிநாட்டவரே. விடுமுறைக்கு வந்து இங்கேயே ரூபாயாக நீட்டினாலும் அப்படித்தான். அதனால் பணம் வருவதற்கு முன்பே பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். நகல் தரத் தயங்குபவரிடம் நன்றி சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உள்ளூர் வசூலுக்கு முதலில் பொதுக்குழுத் தீர்மானம் போடுங்கள். பிறகு "கட்டட நிதி" என்று தனி வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து. மாவட்டப் பதிவாளரிடம் ஆண்டறிக்கையும் நிர்வாகிகள் மாற்றமும் தாக்கல் செய்யாமல் விட்டிருந்தால் அதை இப்போதே முடியுங்கள். பழைய தலைவர் பெயரே பதிவில் இருந்தால் வங்கி திருப்பி அனுப்பிவிடும். நன்கொடையாளருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி அங்கீகாரம் சபாவுக்கு இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தவருக்கு வரிச்சலுகை இல்லை. சிமென்ட், இரும்பு, ஷீட் என்று பொருளாகத் தருபவருக்கும் இல்லை. உதவிக் கச்சேரியின் டிக்கெட் பணத்துக்கும் இல்லை. பொருள் தரும் கடைக்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பின்னால் தெரிந்தால் மனக்கசப்புதான் மிஞ்சும். 80ஜி உள்ள சபா, கொடுத்தவர்களின் பெயர், பான் எண் விவரத்தை மே 31க்குள் வருமான வரித் துறையில் தாக்கல் செய்யத் தவறினால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம்.

கட்டடப் பொறியாளர் கையெழுத்திட்ட மதிப்பீட்டைக் கூரை, மின்வயரிங், மேடை என்று பிரித்து வெளியிடுங்கள். மொத்தத் தொகையைப் பார்த்து மலைப்பவர்கூட "ஒரு பகுதி கூரை என்னுடையது" என்று முன்வருவார். வெறும் தகர ஷீட் வேண்டாம். மழை பெய்தால் தம்புரா கேட்காது. நடுவில் பஃப் என்னும் நுரை வைத்த ஷீட்டுக்கு விலை கேளுங்கள். ஒப்பந்தக்காரருக்கு முழு முன்பணம் தராமல், வேலை முடிந்த அளவுக்கு, சபா பெயரில் பில் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.