கூகுளில் ஏன் ஓரிரு சொல்லை மட்டும் போட்டுத் தேடுகிறோம்?

கிளிநொச்சிப் பக்கம் காலபோக நெல் மஞ்சளானால், ஃபோனில் "நெல் நோய்" என்றுதான் பலர் அடிப்பார்கள். இதைச் சோம்பல் என்பது நியாயமில்லை. பெயரே தெரியாத ஒன்றை எப்படி விரிவாகக் கேட்பது? தன் அறிவில் எங்கே இடைவெளி என்பதைத் தேடுபவரால் சரியாகச் சொல்ல முடியாது என்று தகவல் தேடல் ஆய்வாளர் நிக்கலஸ் பெல்கின் 1980இலேயே எழுதிவிட்டார்.

கமநல சேவை நிலையத்தில் அதே இரண்டு சொல்லைச் சொன்னால், "மஞ்சள் அடி இலையிலா, குருத்திலா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அடி இலையில் தொடங்கினால் நைதரசன் குறைவாக இருக்கலாம். குருத்திலை என்றால் கந்தகக் குறைவாகவும் இருக்கலாம். தேடற்பெட்டி அப்படிக் கேட்பதில்லை. சின்னத் திரையில் தமிழில் அடிப்பதும் சிரமம்.

சரி, இரண்டு சொல்லோடு தொடங்குங்கள். வரும் விடைகளில் பொருத்தமான சொல்லை எடுத்து, பயிரின் வயதையும் சேர்த்து மறுபடி தேடுங்கள்.