ஆப்ஷன் முதல் ஸ்ப்ரெட் வரை: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் கேள்வி பதில்

கேள்வி: பழைய ட்ரிபிள் ஆப்ஷன், இன்றைய ஸோன் ரீட் என்ற இரண்டு ஓட்ட ஆட்டமுறைகளுக்கும் என்ன உறவு?

பதில்: கணக்கு ஒன்றுதான். ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் பந்தை ஓடுபவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் பிளாக் செய்ய (எதிராளியை உடலால் தடுக்க) மிஞ்சுவது 9 பேர். எதிரே 11 பேர். ஆகவே ஓர் ஆளைப் பிளாக் செய்யாமல் விட்டு, அவர் எதைப் பிடிக்க வருகிறாரோ அதைத் தவிர்த்து மற்றதைச் செய்வதுதான் ஆப்ஷன். ஹூஸ்டனில் பயிற்சியாளர் பில் யோமனின் வீர், 1968-ல் டெக்சாஸில் பயிற்சியாளர் எமரி பெல்லார்டின் விஷ்போன் என்ற ட்ரிபிள் ஆப்ஷன் முறைகள் இரண்டிலும் இப்படி இருவரை விட்டுவிடுவார்கள். முதல் ஆள், நடுவே ஓடும் ஃபுல்பேக் மேல் பாய்ந்தால் குவாட்டர்பேக் பந்தை உருவிக்கொண்டு வெளியே ஓடுவார். அடுத்தவர் குவாட்டர்பேக் மேல் வந்தால் கூடவே ஓடிவரும் இன்னொரு ஓட்டக்காரரான ஹாஃப்பேக்குக்குப் பிட்ச் (பக்கவாட்டில் எறிதல்).

ஸோன் ரீடில் குவாட்டர்பேக் ஷாட்கனில், அதாவது முன்வரிசைக்குச் சில யார்டு பின்னால், நிற்கிறார். அந்த முன்வரிசையான லைன் மொத்தமும் ஒரு பக்கம் நகரும். பின்பக்கத்து டிஃபென்சிவ் எண்டை (எதிரணி முன்வரிசையின் ஓர ஆள்; இனி எண்ட்) யாரும் தொடுவதில்லை. அவர், பந்தோடு ஓட வரும் ரன்னிங் பேக்கைத் துரத்தினால் பந்து குவாட்டர்பேக்கிடமே. நின்றுவிட்டால் ரன்னிங் பேக்குக்கு. 1990-களின் தொடக்கத்தில் க்ளென்வில் ஸ்டேட் கல்லூரியில் பயிற்சியாளர் ரிச் ராட்ரிகஸ் வளர்த்தது இது.

கேள்வி: பந்து கைமாறும் இடத்தில் அடிக்கடி நழுவுகிறது. ஏன்?

பதில்: கண் பந்தில் இருப்பதால். குவாட்டர்பேக் எண்டின் தோளை மட்டும் பார்க்க வேண்டும். பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றில் வைத்து, அவரோடு முன்னே கொண்டுபோய், தன் முன் இடுப்பைத் தாண்டுவதற்குள் முடிவெடுக்க வேண்டும். தாண்டிவிட்டால் உருவக் கூடாது. ரன்னிங் பேக் பந்தின் மேல் கையை மெதுவாக மூடினால் போதும். இறுக்கிப் பிடித்தால் இழுபறியாகிப் பந்து தரையில்தான்.

கேள்வி: எண்ட் உள்ளே பாய்கிறார், சரி. குவாட்டர்பேக் வெளியே வந்தால் அங்கே எதிரணியின் இரண்டாம் வரிசை ஆளான லைன்பேக்கர் நிற்கிறாரே?

பதில்: அதற்குப் பெயர் ஸ்கிரேப். எண்டும் லைன்பேக்கரும் வேலையை மாற்றிக்கொள்கிறார்கள். உங்கள் டைட் எண்டை (லைனின் ஓரத்தில் நிற்பவர்) அந்தப் பக்கம் அனுப்புங்கள். எண்டைத் தொடாமல் சுற்றிப்போய் லைன்பேக்கரைப் பிளாக் செய்யட்டும். இங்கேயும் குவாட்டர்பேக்கின் கண் எண்டின் தோளில்தான்.

கேள்வி: விஷ்போன் செத்துவிட்டதா?

பதில்: அதன் வாரிசான ஃப்ளெக்ஸ்போனை ராணுவ அகாடமிகள் வெகுகாலம் ஆடின. 2022 விதி, டேக்கிள் பாக்ஸுக்கு (லைனின் நடுப்பகுதி) வெளியே இடுப்புக்குக் கீழே பிளாக் செய்வதைத் தடுத்தது. ஃப்ளெக்ஸ்போன் நம்பியிருந்த பிளாக் அது. அடி அங்கே விழுந்தது.

கேள்வி: பாஸ் பிடிக்கும் ரிசீவர்களை அகல நிறுத்தி ஆடும் ஸ்ப்ரெட், பயிற்சியாளர்கள் ஹால் மம்மி, மைக் லீச் ஆகியோரின் பாஸ் முறையான ஏர் ரெய்டிலிருந்து வந்தது. ஆப்ஷனுக்கு இதில் பங்கே இல்லை.

பதில்: பாஸ் பாதிக்கு அது சரி. ஆனால் லீச்சின் குவாட்டர்பேக்குகள் ரீட் செய்து ஓடியவர்கள் அல்லர். 2000-ல் ஸ்ப்ரெட் ஆடிய நார்த்வெஸ்டர்ன், மிச்சிகனை 54-51 என வென்றபோது எதிரணியைத் திணறடித்ததில் ஓட்டத்துக்குப் பெரிய பங்கு. ரிசீவர்களை அகல நிறுத்தியதே உள்ளே ஆள் குறையத்தான்.

கேள்வி (அவரே): ஆர்பிஓ (ரன்-பாஸ் ஆப்ஷன்) பாஸ்தானே? அதில் ஆப்ஷன் எங்கே?

பதில்: பிட்ச் இருந்த இடத்தில் இப்போது பாஸ். 2013-ல் அலபாமாவுக்கு எதிராக ஆபர்னின் நிக் மார்ஷல் பந்தோடு இடப்பக்கம் ஓடினார். ரிசீவரைக் காக்க வேண்டிய கார்னர்பேக் அவரைப் பிடிக்க முன்னே வந்தார். தனியே நின்ற ரிசீவர் சாமி கோட்ஸுக்குப் பந்து பறந்தது. 39 யார்டு டச்டவுன், ஸ்கோர் 28-28 எனச் சமம். பாஸ் ஆட்டத்திலும் லைன்மேன்கள் 3 யார்டு வரை முன்னே போகக் கல்லூரி விதி அனுமதிப்பதால்தான் இது ஓட்டம்போலவே தெரிகிறது. தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் 1 யார்டுதான்.

கேள்வி: விஷ்போன் திரும்ப வருமா?

பதில்: விஷ்போன் செத்துவிட்டதா என்ற கேள்விக்கு மேலே சொல்லியாயிற்று.