மகளுக்கு ஒரு சின்ன லப்டொப்: தவணையா, சீட்டா, அண்ணாவின் பழசா?

கேள்வி: ஐயா, நான் கோண்டாவிலில் வீட்டிலிருந்தே தையல் செய்கிறேன். கணவருக்கு மாதச் சம்பளம். மகள் உயர்தரம் முடித்துவிட்டாள், இன்னும் மூன்று மாதத்தில் கணக்கியல் டிப்ளோமா தொடங்குகிறாள். பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோகக்கூடிய சின்ன லப்டொப் ஒன்று அவளுக்கு வேண்டும். நானும் இரவில் தையல் கணக்கு எழுதிக்கொள்வேன். ஸ்ரான்லி வீதியில் ஒரு கடையில் புதிய 14 அங்குல லப்டொப், செலரோன் சிப், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், கைக்காசுக்கு 115,000 ரூபா. தவணைக்கு என்றால் முதலில் 25,000, பிறகு மாதம் 9,250 படி பன்னிரண்டு மாதம். இன்னொரு கடையில் பாவித்த 12.5 அங்குல லப்டொப், ஐ5 சிப், 8 ஜிபி ரேம், 256 ஜிபி இடம் (எஸ்எஸ்டி), 78,000 ரூபா, மூன்று மாத வொறண்டி. வங்கியில் 80,000 இருக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து மாதம் 10,000 கட்டும் சீட்டில் என் முறை இரண்டு மாதத்தில் வரும், அது ஏழாவது சீட்டு. இந்த மாதம் எடுப்பவர் 5,000 தந்தால் முறையை மாற்றித் தருவாராம். சீட்டும் வீட்டுச் செலவும் போக மாதம் ஒரு 8,000 மிஞ்சும். பிரான்சில் இருக்கும் அண்ணா தன்னுடைய பழைய லப்டொப்பை அனுப்பட்டுமா என்று கேட்கிறார். எதைச் செய்யலாம்?

பதில்: சகோதரி, விலைகளையும் வருமானத்தையும் இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. பலர் "நல்ல லப்டொப் எது?" என்று மட்டும் கேட்டு விட்டுவிடுவார்கள். கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

முதலில் தவணையைப் பார்ப்போம். 25,000 உடன் பன்னிரண்டு தரம் 9,250. மொத்தம் 136,000. கைக்காசு விலையைவிட 21,000 கூட. கடைக்காரர் இதை 23 வீத வட்டி என்பார். 90,000 ரூபாவுக்கு 21,000 என்று பார்த்தால் அவர் சொல்வது சரிதான். ஆனால் அந்த 90,000 வருடம் முழுவதும் உங்கள் கையில் இருக்கப் போவதில்லையே. மாதா மாதம் கட்டிக்கொண்டே போகிறீர்கள். ஆறாம் மாதம் முடியும்போது கடனில் கிட்டத்தட்டப் பாதி கழிந்துவிடும், வட்டி மட்டும் முதல் நாள் தொகைக்கே போட்டபடி நிற்கும். குறைந்துகொண்டு போகும் மீதிக் கடனுக்குக் கணக்குப் பார்த்தால் வருட வட்டி 40 வீதத்துக்கு மேல் வருகிறது. அதோடு, உங்களிடம் மாதம் மிஞ்சுவது 8,000. தவணை 9,250. ஆடி, புரட்டாதி, மார்கழியில் கலியாணம் இல்லை, சட்டை தைக்க வருகிறவர்களும் குறைவு. அந்த மாதங்களில் இந்தத் தவணையை எங்கிருந்து கட்டுவீர்கள்? வேண்டாம்.

சீட்டை மாற்றி எடுப்பது தவணையைவிடப் பரவாயில்லை, ஆனால் அதுவும் மலிவில்லை. ஒரு இலட்சத்தை இரண்டு மாதம் முந்தி வாங்க 5,000 என்றால் மாதம் இரண்டரை வீதம், வருடத்துக்கு 30 வீதம். சரி, இந்த 5,000 எதற்காக? வகுப்பு தொடங்க மூன்று மாதம் இருக்கிறது. உங்கள் சீட்டு இரண்டு மாதத்தில் வருகிறது. இடையில் ஒரு மாதம் மிச்சமும் இருக்கிறது. "இந்தக் கிழமையோடு ஓஃபர் முடியுது" என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். சொல்லட்டும். அடுத்த கிழமை வேறு பெயரில் இன்னொரு ஓஃபர் வரும்.

ஆகவே பொறுங்கள். சீட்டு வந்ததும் அந்தக் காசில் வாங்குங்கள், வங்கியிலுள்ள 80,000 ஐத் தொடாதீர்கள். சீட்டு எடுத்த பிறகும் மூன்று மாதம் 10,000 படி கட்ட வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கைக்கு வரும் ஒரு இலட்சத்தில் 30,000 இன்னும் உழைக்காத காசு. இதனால்தான் சீட்டு வந்த சந்தோஷத்தில் "கூட ஒரு இருபதைப் போட்டால் பெரிசாகவே வாங்கலாம்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது. மகளுக்கும் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

எதை வாங்குவது? நீங்கள் எழுதிய இரண்டில் என் கை பாவித்ததற்குத்தான் போகும். புதியது என்றால் நல்லது என்ற எண்ணம் எங்களுக்கு ஊறிப்போனது. லப்டொப்பில், அதுவும் இந்த விலையில், அது அவ்வளவு பொருந்தாது. அந்தப் புதியதில் 4 ஜிபி ரேம் (ஒரே நேரத்தில் பல வேலை செய்வதற்கான நினைவகம்), 64 ஜிபி இடம். விண்டோஸ் 11 ஓடுவதற்கு மைக்ரோசொவ்ற் சொல்லும் ஆகக் குறைந்த அளவே இதுதான். சூம் வகுப்பு ஒரு பக்கம், எக்செல் ஒரு பக்கம், நாலு இணையப் பக்கங்கள் என்று திறந்தால் அது திணறும். 64 ஜிபியில் ஒரு பெரிய பங்கை விண்டோசே எடுத்துக்கொள்ளும், அதற்குமேல் அப்டேற்றுக்கும் இடம் வேண்டும். அப்புறம், இந்த 64 ஜிபி பெரும்பாலும் இஎம்எம்சி என்ற வகை. அது தாய்ப்பலகையிலேயே ஒட்டி வரும். நிறைந்தாலும் பழுதானாலும் கழற்றிப் பெரிசு போட முடியாது. இந்த மாதிரி லப்டொப்களில் ரேமும் அநேகமாக ஒட்டியதுதான். இரண்டு வருடத்தில் மகள் "அம்மா, இது சரியான ஸ்லோ" என்று வந்து நின்றால், உங்களால் செய்யக்கூடியது இன்னொன்று வாங்குவதுதான்.

பாவித்தது 78,000. அதற்கு ஒரு பற்றரி மாற்ற வரலாம், 15,000 ஒதுக்கிவையுங்கள். மொத்தம் 93,000. நாலு வருடம் ஓடினால் வருடத்துக்கு 23,000 சொச்சம். புதியது 115,000, மூன்று வருடம் ஓடினால் வருடத்துக்கு 38,000க்கு மேல். வருடக் கணக்கு என் மதிப்பீடுதான், ஒரு வருடம் கூடக் குறைய இருக்கலாம். இரண்டும் ஒரே அளவு வருடம் ஓடினாலும் பாவித்ததுதான் மலிவாக வரும். அலுவலகங்களுக்கென்று செய்த 12.5 அங்குல லப்டொப்கள் உடல் உறுதியானவை, எடை ஒன்றேகால், ஒன்றரைக் கிலோதான், உதிரிப் பாகமும் கிடைக்கும். ஒரு விதிவிலக்கு: இந்த இரண்டு மாதத்துக்குள் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள புதியது ஒன்று இலட்சத்துக்குள் கண்ணில் பட்டால், யோசிக்காமல் அதை எடுங்கள். வொறண்டி வேலையை யாழ்ப்பாணத்திலேயே செய்வார்களா, கொழும்புக்கு அனுப்புவார்களா என்று மட்டும் கேளுங்கள். 400 கிலோமீற்றர் போய்த் திரும்பி வரும்வரை மகள் வகுப்புக்கு வெறுங்கையோடு போக வேண்டியிருக்கும்.

பாவித்ததில் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்பு அப்டேற்றுகளை மைக்ரோசொவ்ற் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 க்கு இன்ரெல் சிப் (ஐ5, ஐ7 எல்லாம் இதுதான்) என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறை லப்டொப்களை நிறுவனங்கள் கழித்துவிடுகின்றன, அவை மலிவாகச் சந்தைக்கு வருகின்றன. வெளியே "ஐ5", "ஐ7" என்று ஸ்ரிக்கர் மினுங்கும். ஸ்ரிக்கரைப் பார்க்காதீர்கள், ஐ5 க்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 8250 என்றால் எட்டாம் தலைமுறை. 6300 என்றால் ஆறாவது. 10210 பத்தாவது, 1135 பதினோராவது. "ஏழாம் தலைமுறைதான், ஆனால் விண்டோஸ் 11 போட்டுத் தாறன்" என்பார்கள். போடலாம்தான், குறுக்கு வழி இருக்கிறது. மைக்ரோசொவ்ற் அதற்குப் பொறுப்பில்லை, அடுத்த பெரிய அப்டேற் வருமா என்றும் சொல்ல முடியாது. உங்கள் 78,000 ரூபா லப்டொப்பின் எண்ணை நீங்கள் எழுதவில்லை. அது எட்டாம் தலைமுறையோ அதற்கு மேற்பட்டதோ இல்லாவிட்டால், நான் மேலே சொன்ன கணக்கு அதற்குப் பொருந்தாது.

கடைக்குப் பகலில் போங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு, அவசரமில்லாத ஒரு நாளில். ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து எல்லா எழுத்தையும் ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கீ பிடிக்காவிட்டால் அங்கேயே தெரியும். திரையை முழு வெள்ளையாக்கி மூலைகளில் மஞ்சளோ கறுப்புப் புள்ளியோ இருக்கிறதா பாருங்கள். மூடித் திறக்கும் பிணைச்சல் ஆடுகிறதா? கமராவும் மைக்கும் வேலை செய்கிறதா? கணவரின் போனுக்கு ஒரு வீடியோ அழைப்பு எடுத்தால் இரண்டும் ஒரே தரத்தில் தெரிந்துவிடும். பிறகு பற்றரி. விண்டோசுக்குள்ளேயே பற்றரி அறிக்கை ஒன்று எடுக்கலாம், கடைப் பெடியனுக்கு அது தெரியும். அதில் இரண்டு எண்கள் வரும்: செய்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது நிறையும் கொள்ளளவு. இரண்டாவது முதலாவதில் பாதிக்குக் கிட்ட வந்துவிட்டால், பற்றரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். 2022 இல் மின்வெட்டுக்குள் மெழுகுதிரியோடு தைத்தவருக்குப் பற்றரியின் அருமையை நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. விண்டோசை உங்கள் கண்முன்னால் முதலிலிருந்து தொடங்கிக் காட்டச் சொல்லுங்கள், இன்ரநெற்றும் இணைத்தபடி. தொடக்கத்திலேயே ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் வந்து அந்த நிறுவனத்து மின்னஞ்சலைக் கேட்டால், லப்டொப் இன்னும் அவர்கள் கணக்கிலேயே பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். "அதை உடைச்சுத் தரலாம்" என்றாலும் வாங்காதீர்கள், எழும்பி வாருங்கள்.

குரோம்புக் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பாவித்தது தேடும்போது கட்டாயம் கண்ணில் படும். சின்னது, இலேசானது, விலையும் பாதிதான். உங்கள் தையல் கணக்குக்கு மட்டும் என்றால் நானே எடுங்கள் என்பேன். கணக்கியல் படிக்கும் பிள்ளைக்குச் சரிவராது, விண்டோசுக்கான கணக்கியல் மென்பொருள் அதில் ஓடாது. ஒவ்வொரு குரோம்புக்குக்கும் அப்டேற் முடியும் திகதி ஒன்றும் உண்டு, அதன் செற்றிங்சிலேயே பார்க்கலாம். மலிவாக வருபவற்றில் பல அந்தத் திகதியைத் தாண்டியவை.

அண்ணாவின் லப்டொப்புக்கு வருவோம். அவர் அன்போடு கேட்கிறார், மறுப்பது சங்கடம். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: எத்தனையாம் வருடத்தது, சிப் எண் என்ன, ரேம் எவ்வளவு? பிரான்சில் வாங்கியது என்றால் கீபோர்ட் வேறு. ஏ இருக்கும் இடத்தில் கியூ இருக்கும், மேல் வரிசையில் எண் அடிக்க ஷிப்ட்டை அமத்த வேண்டும். நாள் முழுக்க எண் அடிக்கும் கணக்கியல் மாணவிக்கு இது தினம் ஒரு தலையிடி. விண்டோசில் ஆங்கில அமைப்புக்கு மாற்றலாம், ஆனால் கீயில் அச்சடித்திருப்பது ஒன்று, திரையில் விழுவது இன்னொன்று. பார்க்காமலே அடிக்கத் தெரிந்தவளுக்கு அது பிரச்சினை இல்லை. சார்ஜர் இங்கேயும் ஓடும், சுவரில் குத்தும் வயரை மாற்றினால் சரி. ஆரும் ஊருக்கு வரும்போது கையில் கொடுத்துவிட முடிந்து, எட்டாம் தலைமுறையோ அதற்கு மேற்பட்டதோ ஆகவும் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டுக் காசு அப்படியே மிஞ்சும். பழசு என்றால், "அண்ணா, அதை அங்கேயே வித்துப்போட்டு வாற காசை மருமகளுக்கு அனுப்புங்கோ" என்று உரிமையோடு சொல்லலாம். வரும்வரை அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பற்றுச்சீட்டில் லப்டொப்பின் தொடர் இலக்கமும் வொறண்டி முடியும் திகதியும் எழுதி வாங்குங்கள். சொன்ன விலையில் வற் வரி சேர்ந்திருக்கிறதா என்று முதலே கேளுங்கள். 2024 ஜனவரியில் இருந்து அது 18 வீதம், பில் போடும்போது மேலே ஏற்றினால் 78,000 என்பது 92,000 ஆகிவிடும். ஒபிஸ் மென்பொருள், வைரஸ் காவல் என்று கடையில் கூட்டிக்கொண்டே போவார்கள். விண்டோசோடு வரும் வைரஸ் காவல் உங்களுக்குப் போதும். எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரே ஒபிஸ் இலவசம். படிப்பிக்கும் இடத்தில் மாணவருக்கு மைக்ரோசொவ்ற் ஒபிஸ் தருகிறார்களா என்று மகள் முதல் நாளே விசாரிக்கட்டும். பாமினி எழுத்துருவுக்கு எவரும் காசு கேட்டால் சிரித்துவிட்டு வாருங்கள். பையும் மவுசும் வேண்டுமென்றால், காசை எண்ணிக் கொடுப்பதற்கு முந்தியே கேளுங்கள். அநேகமாகச் சும்மா தருவார்கள்.